காட்டோரத்தில் நாட்டுக்கோழி வளர்க்கப் போகிறவர்களுக்கு

பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து ஓரமாக நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கி, கொட்டகை, குஞ்சு, தீவனம் என்று அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. முதலில் குளிர் கொன்றது. தப்பித்ததைக் கீரியும் மரநாயும் தின்றன. மிச்சத்தை ஒரே வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் துடைத்துவிட்டது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காலையில் கதவைத் திறந்தால் உள்ளே என்ன கிடக்குமோ என்று தாழ்ப்பாளில் கை வைக்கவே தயங்கிய நாட்களைத்தான் மறக்க முடியவில்லை. கையில் இருந்த கோழி வளர்ப்புக் குறிப்பெல்லாம் சமவெளிக்கு எழுதப்பட்டவை. மலையில், அதுவும் சோலைக்காட்டு ஓரத்தில், கணக்கே வேறு. அதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதிக்குப் பாதி பிழைத்திருக்கும். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் குஞ்சு வாங்கும் இடம். கீழே பண்ணைகளில் ‘நாட்டுக்கோழி’ என்று விற்பதில் பெரும்பகுதி கலப்பு. சீக்கிரம் எடை போடும், முட்டையும் கூட இடும், ஆனால் அடை கிடக்காது. அடை கிடக்கிற காலத்தில் பெட்டை முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதால், முட்டைக்காகத் தேர்ந்தெடுத்த இனங்களிலிருந்து அந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். வீட்டுக்கோழியின் காட்டு மூதாதையான செங்காட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு நாலிலிருந்து ஆறு முட்டை வைக்கும், அதுவும் பருவத்தில் மட்டும். பண்ணை முட்டைக்கோழி வருஷத்துக்கு முந்நூறு இடும். அந்த முந்நூறுக்குக் கொடுத்த விலைதான் தாய்க்குணம். சமவெளியில் கரண்ட்டும் இன்குபேட்டரும் தாய்க்குப் பதிலாக நிற்கும். அடைமழைக் காலத்தில் ராத்திரி முழுக்கக் கரண்ட் போகிற மலையில் அவற்றை நம்ப முடியாது. இங்கே தாய்க்கோழி தேவை. சிறுவிடை என்கிற நாட்டு இனத்தை வாங்குங்கள். உடம்பு சிறிது, எடை குறைவு, ஆனால் அடை நன்றாகக் கிடக்கும், குஞ்சை விட்டுக்கொடுக்காது, மரமேறும். குஞ்சாக வாங்காமல், ஏற்கெனவே ஒரு தடவையாவது குஞ்சு பொரித்து வளர்த்த பெட்டைகளை மலைக் கிராமத்து வீடுகளிலேயே கேட்டு வாங்குவது மேல். விலை கூடத்தான் சொல்வார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “பொழுது சாஞ்சா மரத்துல ஏறாத கோழி உனக்கில்ல தம்பி, கீரிக்குத்தான்.”

குஞ்சாகத்தான் வாங்கியாக வேண்டும் என்றால் குளிரோடு சண்டை. முதல் வாரம் குஞ்சின் மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சமவெளியில் குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்து ஐம்பது குஞ்சுக்கு ஒரு 100 வாட் பல்பு போடுவார்கள். மலையில் ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளுக்கு அது பற்றாது. இரண்டு மடங்கு வையுங்கள், ஒரே பல்பாக வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள், ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது எரியும். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. தெர்மாமீட்டரை விடக் குஞ்சைப் பார்ப்பதே சரியான அளவு. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. குளிரில் சாகிற குஞ்சுகளில் பலவும் அந்தக் குவியலுக்கு அடியில் மூச்சுமுட்டித்தான் சாகின்றன. அதனால் ஒன்றரை அடி உயரத்துக்குத் தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்துத் தடுப்பு வையுங்கள், மூலையே இருக்கக் கூடாது. கரண்ட் போனால் கரிச்சட்டி வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. மேலே காற்றுப் போக வழியில்லாமல் பாலித்தீன் படுதாவை இழுத்துக் கட்டிவிட்டுக் கரி வைத்தால் விடிவதற்குள் அத்தனையும் செத்திருக்கும், கரியிலிருந்து வரும் வாசனையில்லாத விஷவாயு அப்படிப்பட்டது. கொதிநீரைக் கேன்களில் ஊற்றிச் சாக்கைச் சுற்றி நடுவில் வைப்பது பாதுகாப்பு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், தூக்கம் போகும், ஆனால் குஞ்சு நிற்கும். வத்தலக்குண்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த குஞ்சுக்கு வந்தவுடன் தீவனம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து உடைத்த மக்காச்சோளத்தைக் காகிதத்தின் மேல் தூவுங்கள்.

மூடுபனி செய்யும் வேலை இன்னொன்று, தரைக்கூளத்தை நனைப்பது. உமியோ தேங்காய்நார்க் கழிவோ இரண்டு அங்குலம் போட்டிருப்பீர்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. ஈரக் கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிளம்பும், மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை அதற்குத் தோதான வயசு. தினமும் கிளறிவிடுங்கள், தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும், அதற்கு மருந்து உண்டு, தாமதித்தால் பயனில்லை.

அடை வைப்பவர்கள் சமவெளிக் கணக்கில் பன்னிரண்டு, பதின்மூன்று முட்டை வைக்காதீர்கள். சிறுவிடைக்கு ஒன்பது போதும். உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்து முட்டை குளிர்ந்து கூமுட்டையாகும், அதைப் பெட்டை உள்ளே உருட்டும்போது நல்ல முட்டை ஓரத்துக்கு வரும், கடைசியில் எல்லாமே கெடும். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக எடுங்கள். கூடையில் மணலும் அதன்மேல் வைக்கோலும் போட்டு, இடிக்காக இரும்புத்துண்டும் கரியும் மிளகாயும் வைப்பவர்கள் வையுங்கள், தடையில்லை. ஏழாம் நாள் ராத்திரி டார்ச்சுக்கு நேரே பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடுங்கள். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் எழுந்து இரை எடுக்கும். இரையும் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தால் முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடும். இருபத்தொன்றாம் நாள் பொரிக்கும். அதற்குப் பிறகு பல்பும் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம், ஆறேழு வாரத்துக்கு அவள் பார்த்துக்கொள்வாள்.

தாயோடு திரிந்த குஞ்சுக்கும் பெட்டியில் வளர்ந்த குஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் வெயிலில் விட்ட முதல் வாரத்திலேயே தெரியும். வானத்தில் வல்லூறு தெரிந்தால் சேவல் மெல்லிசாக, நீளமாக ஒரு சத்தம் கொடுக்கும். உடனே எல்லாம் புதருக்கடியில் அப்பிக்கொள்ளும். தரையில் கீரியோ பூனையோ வந்தால் சத்தம் வேறு, விட்டு விட்டுக் கொக்கரிப்பு, கோழிகள் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும். இந்த இரண்டு சத்தத்தையும் நீங்கள் பிரித்துக் கேட்கப் பழகிக்கொண்டால் வீட்டுக்குள் இருந்தபடியே மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று தெரிந்துவிடும். பெட்டிக் குஞ்சுகளோ நிழல் விழும்போது நடுவெளியில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்க்கையில் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

அவற்றின் மேல் தவறில்லை. அந்த அச்சத்தை எடுத்தது நாம். ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் செங்காட்டுக்கோழிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. மனிதரைக் கண்டு குறைவாக மிரளும் பறவைகளை மட்டுமே பொறுக்கி இனப்பெருக்கம் செய்தார்கள், வேறெந்தக் குணத்தையும் பார்க்கவில்லை. பத்துத் தலைமுறைக்குள் உடம்பு பெருத்தது, முட்டை பெருத்தது, உடம்புக்கு ஒப்பிட்டால் மூளை சிறுத்தது. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக அதையேதான் செய்து வந்திருக்கிறார்கள். மிரண்டு ஓடுவது கறிக்குப் போகும், கையில் வந்து இரை தின்பது முட்டைக்கு நிற்கும். தொடக்கத்தில் பிடித்துக் கட்டி வைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள்தான் வீட்டுக்கோழி என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய மிகப் பழையவை, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை. மானாவாரி நெல்லும் தினையும் விதைத்த நிலங்களைத் தேடிக் காட்டுக்கோழி தானாக இறங்கி வந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தானியத்துக்காக வந்ததை நாம் நிறுத்திக்கொண்டோம், பயத்தை வாங்கிக்கொண்டு பாதுகாப்பைக் கொடுத்தோம். அந்தப் பறவையைக் கொண்டுபோய் மறுபடி காட்டின் வாசலில் விடும்போது பாதுகாப்புப் பொறுப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது. இதனால் நடைமுறையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த தலைமுறைக்கு முட்டை எடுக்கும்போது பெரிய பெட்டையை மட்டும் பார்க்காதீர்கள். முதலில் புதருக்கு ஓடுவது எது, முதலில் மரமேறுவது எது, குஞ்சுக்காகப் பாய்ந்து கொத்துவது எது என்று பார்த்து அதற்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அதன் முட்டையைத்தான் அடை வைக்க வேண்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், ஆனால் அந்தச் சேவல் கண் கூர்மையானதாக இருக்கட்டும்.

எது தின்றது என்று தெரியாமல் கொட்டகையைத் திருத்துவது வீண்செலவு. வெளியில் இறகு வட்டமாகப் பிடுங்கிக் கிடந்தால் மேலிருந்து வந்தது, பருந்தோ கழுகோ. பட்டப்பகலில் தலையும் கழுத்தும் கடிபட்டுக் கிடந்தால் கீரியைச் சந்தேகியுங்கள். ராத்திரியில், உயரத்தில் உட்கார்ந்திருந்த கோழிகளே நாலைந்து சேர்ந்து செத்திருந்தால் பெரும்பாலும் மரநாய். சத்தமே இல்லாமல் ஒரு முழுக்கோழி காணாமல் போய், தூரத்தில் இறகு மட்டும் கிடந்தால் காட்டுப்பூனை. குஞ்சு மட்டும் தினம் ஒன்றாகக் குறைந்து, மூலையில் மண் கிளறியிருந்தால் பெருச்சாளி. பல கோழி செத்தும் தின்னாமல் கிடந்தால் ஊர் நாய். முட்டை மட்டும் ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு, கையை விட்டுத் துழாவாதீர்கள்.

கொட்டகைக்கு அறுகோணக் கண் உள்ள கோழிவலை வாங்கினதுதான் பணம் விரயமான இடம். அது கோழியை உள்ளே வைக்கும், மரநாயை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் வாங்குங்கள். வலையைத் தரையோடு நிறுத்தாமல் ஒரு அடி வெளிப்பக்கமாக மடக்கிப் பரப்பி அதன்மேல் கல்லும் மண்ணும் போட்டுவிட்டால், தோண்ட வருவது எல்லாம் வலையைத்தான் பிறாண்டும். இரண்டு அடி உயரத்தில் பலகைத்தளம் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது, ஈரமும் ஏறாது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுக்காக விடும் இடைவெளியை மறந்துவிடுவோம், மரநாய்க்கு அதுவே வாசல், அங்கேயும் மெஷ் வேண்டும். ஒரு கோழிக்கு ஒன்றரைச் சதுர அடி, உட்காரக் கட்டையில் எட்டு அங்குலம். வெறும் தாழ்ப்பாள் போதாது, கொக்கியும் போடுங்கள். கொட்டகையைச் சுற்றிப் பத்தடிக்கு லண்டானாவையும் புல்லையும் வெட்டிவிட வேண்டும், பதுங்கி வர இடமிருக்காது. காவலுக்கு நாய் கட்டினால் ராத்திரியில் அதையும் உள்ளே அடைக்க வேண்டும். வெளியே சங்கிலியில் கிடக்கும் நாய் சிறுத்தையைக் கூப்பிட்டு வைப்பதாகவே ஆகும். ஆத்திரத்தில் செத்த கோழியில் விஷம் தடவி வைக்கச் சொல்வார்கள், கண்ணி வைக்கவும் சொல்வார்கள். இரண்டும் குற்றம். நீங்கள் குறி வைத்தது ஒன்று, சாவது வேறொன்றாக இருக்கும்.

இத்தனையும் தாண்டி நின்றதை வெள்ளைக்கழிச்சல் கொண்டுபோனது. 1920களின் கடைசியில் இமயமலைப் பக்கம் ராணிக்கேத் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்பார்கள். காலையில் ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நிற்கும், சாயங்காலம் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தப்பியவை கழுத்து முறுக்கிக்கொண்டு சுற்றும். வந்த பிறகு மருந்து கிடையாது. கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை, அந்தக் கையாலாகாத உணர்வு வேறு யாருக்கும் வேண்டாம். தடுப்பூசி ஒன்றுதான் காப்பு. ஏழாம் நாள் ராணிக்கேத் தடுப்பு மருந்தில் லசோட்டாவோ எஃப் வகையோ கண்ணிலும் மூக்கிலும் சொட்டு, பதினாலாம் நாள் கம்போரோ என்ற இன்னொரு நோய்க்கான தடுப்பு மருந்து, இருபத்தெட்டாம் நாள் லசோட்டா குடிநீரில், எட்டாவது வாரம் ராணிக்கேத்துக்கே ஆர்2பி ஊசி. ஆர்2பி வீரியமான மருந்து, அதற்கு முன் போட்டால் ஊசியே குஞ்சைச் சாய்க்கும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்க வேண்டும். குடிநீரில் கொடுக்கும்போது குளோரின் கலந்த தண்ணீர் கூடாது, ஊற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, இரண்டு மணி நேரம் தாகமாக வைத்திருந்து பிறகு வையுங்கள்.

மலையில் தடுப்பூசி தோற்பதற்குப் பெரிய காரணம் வழி. மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கீழே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் வந்து சேர்வது வெறும் தண்ணீர். பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள், கலக்கியதும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்துக்குக் குறையாமல் இருக்கும். உங்களிடம் இருப்பது இருபது என்றால் முதல்நாளே அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்து ஒரே காலையில் எல்லோருக்கும் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வராமல் இருப்பதுதான் உங்கள் கோழிக்குப் பாதி பாதுகாப்பு. கால்நடை பராமரிப்புத் துறை வருஷந்தோறும் பிப்ரவரி வாக்கில் இலவச முகாம் நடத்துகிறது, ஊருக்கு எப்போது வருகிறார்கள் என்று மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை நேரே கூட்டத்தில் விடாமல் மூன்று வாரம் தனியே அடைத்து வைக்க வேண்டும். என் கொட்டகைக்குள் நோய் நுழைந்தது சந்தைக்கோழி வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

காட்டுக்கோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது அன்றாடம் கண்ணில் படுவது. நம் மலைகளில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை செங்காட்டுக்கோழி என்றாலும், மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என்று 2008இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆக உங்கள் கொட்டகையில் மஞ்சள் காலோடு நடக்கும் கோழிக்குள் இந்தக் காட்டின் பங்கும் உண்டு. வாங்கினவர்கள் நாம்தான், பதிலுக்குக் கொடுத்தது வேட்டை. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்தில் மெழுகுப் பொட்டு வைத்தாற்போல இறகு இருக்கும். தூண்டிலில் செயற்கைப் பூச்சி கட்ட அந்த இறகைத்தான் வெள்ளைக்காரர்கள் தேடினார்கள். நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் ட்ரவுட் மீன் பொரிப்பகம் வந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த மீனைப் பிடிக்க இந்த மண்ணின் பறவையைக் கழுத்தறுத்த காலம் ஒன்று இருந்தது. ஏற்றுமதி பிறகு தடை செய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முட்டை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டை என்றே கணக்கு. காட்டில் கண்ட முட்டையைக் கொண்டுவந்து வீட்டுக்கோழியிடம் அடை வைத்துப் பார்க்கும் ஆசை இங்கே பலருக்கு உண்டு. வேண்டாம். வழக்கு வரும் என்பது ஒன்று, இருக்கும் கொஞ்சத்தையும் குறைக்கிறோம் என்பது இன்னொன்று.

அதைவிடப் பெரிய ஆபத்து நம் கொட்டகையிலிருந்து காட்டுக்குப் போவது. காட்டுக்கோழியும் கோழிதான், ராணிக்கேத் அதையும் பிடிக்கும், அதற்கு ஊசி போட ஆளில்லை. இரையைத் திறந்தவெளியில் இறைக்காமல் கொட்டகைக்குள்ளேயே வையுங்கள், சிந்தியதைப் பெருக்கிவிடுங்கள், காட்டுச்சேவல் முற்றத்துக்கு வந்து பழகாது. செத்த கோழியைப் பள்ளத்தில் வீசுவது இங்கே பழக்கமாகவே இருக்கிறது. மரநாய் இழுத்துப் போகும், ஓடைத்தண்ணீரில் கலக்கும், அதன்பிறகு நோய் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடையிலிருந்து தள்ளி மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து, மேலும் கீழும் சுண்ணாம்பு போட்டு மூடி, நாய் தோண்டாதபடி கல்லை வையுங்கள். நோய் வந்த கொட்டகை என்றால் கூளம் முழுவதையும் அள்ளி எரித்து, சுவருக்கும் தளத்துக்கும் சுண்ணாம்பு அடித்து, தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, ஒரு மாதம் கொட்டகையைச் சும்மா போடுங்கள். வெயிலே இல்லாத மழை மாதம் என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். மறுபடி தொடங்கும்போது ஐம்பது குஞ்சு வேண்டாம். அடை கிடக்கிற நாலு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி, தை பிறந்து பனி குறைந்ததும் மாசியில் முதல் அடை வையுங்கள்.